பவளத்தின் சேலைன்

எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலையை என் கணவர் சிவானந்தன்தான் பார்த்துவந்தார். அதை ஒழுங்காகவும் முழுநேரமாகவும் செய்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த அறையைக் காடையர்கள் கொளுத்தியபோது உடுத்த சாரத்தோடு ஓடித் தப்பியவர். அன்று தொடங்கிய பழக்கம். வாசலில் பெயர்ப்பலகை போட விடமாட்டார். தமிழ்ப் பேப்பரை வாசித்து முடித்ததும் நாலாக மடித்து மெத்தைக்குக் கீழே செருகுவார். வெளியே புறப்படும்போது முதலில் என் நெற்றியைப் பார்ப்பார். பொட்டு இருந்தால் முகம் சுருங்கும். நான் அழிக்கமாட்டேன். ஒளிக்கிறவனைத்தான் தேடுவார்கள், பகிரங்கமாய் இருக்கிறவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது என்னுடைய கொள்கை. இதை வைத்தே இருபத்தைந்து வருஷம் சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்தக் கொள்கையோடுதான் பவளத்தின் சேலைன் போத்தலையும் முன் அறை யன்னல் கம்பியில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் காணத் தொங்கவிட்டிருந்தேன்.

பவளம் எங்கள் பூனை. அவளும் அவளுடைய தமையன் முத்துவும் காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால், வெறும் பெயின்ற் பெட்டிக்குள் கிடந்து கத்தியவர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பூனை வளர்த்தோம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் பூனைகளைப் பூனைகளாகத்தான் வளர்த்தேன். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில், பதினாறு வருஷம் இருவரும் ராசாவும் ராணியுமாக இருந்தார்கள். சூடை மீன் அவித்துப் போட்டால் தின்பார்கள். ரின்னில் அடைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, இதையா எங்களுக்கு வைத்தாய் என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

முத்து இதற்கெல்லாம் ஒரு வருஷம் முந்திச் செத்துப்போனான். அதற்கு முந்திய சில மாதங்களாகத் தண்ணீரை மண்டு மண்டென்று குடித்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம். வயது போனாலும் என்ன வடிவாய்த் தண்ணி குடிக்கிறான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். சிறுநீரகம் கெட்ட பூனைதான் அப்படிக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வாயெல்லாம் புண்ணாகி, மஞ்சளாய் ஓங்காளித்து, பாத்றூம் சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்தபடி கிடந்தான். அந்தக் கிடையை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு எரிகிறது. ஆகவே பவளமும் ஒருநாள் வாளிக்குள் தலையை விட்டு விடாமல் குடிப்பதைக் கண்டதும், அவளைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு தெஹிவளைக்கு ஓடினேன்.

அங்கே டொக்டர் கொன்ஸ்ரன்ரைன் என்ற மிருக வைத்தியர் இருந்தார். கொட்டாஞ்சேனை ஆள். பவளத்தின் முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் திரும்பிப் படியாமல் கூடாரம்போல் அப்படியே நின்றது.

“ரெண்டு கிட்னியும் களைச்சுப் போச்சு, மிஸிஸ் சிவானந்தன். சுகப்படுத்த ஏலாது. ஆனா ஒவ்வொரு நாளும் தோலுக்குக் கீழ கொஞ்சம் சேலைன் ஏத்தினா நோவு இல்லாம இருப்பா. மனுசருக்கு ஏத்துற அதே சேலைன்தான். நீங்களே வீட்டில ஏத்தலாம்.”

“நானோ?”

“உங்களுக்குக் கை நடுங்காது. முகத்தைப் பார்க்கத் தெரியுது.”

அவருடைய உதவியாளர் மரியகொறற்றி என்ற பெண் பவளத்தைப் பிடித்துக்கொள்ள, எப்படித் தோலைத் தூக்குவது, எங்கே ஊசியைக் குத்துவது, குழாயில் இருக்கிற சின்னச் சில்லை எப்படி உருட்டித் திறந்து பூட்டுவது என்று சொல்லித் தந்தார். பிறகு போத்தலில் கறுப்புப் பேனையால் கோடுகள் போட்டார். ஒரு நாளைக்கு ஒரு கோடு.

“இவவுக்கு ஹாட்டும் வீக். கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. கூடினா தண்ணி நெஞ்சுக்குள்ள இறங்கிடும். பிறகு மூச்சு எடுக்கேலாமப் போகும். அது நல்ல சாவில்லை. விளங்குதா?”

விளங்கியது. அன்றிலிருந்து தினமும் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு பவளத்துக்குச் சேலைன். ஊசி ஏறும்போது ஒருதரம் காதை மடிப்பாள், அவ்வளவுதான். பிறகு தோள்மூட்டில் தண்ணீர் திரண்டு மாட்டுத் திமில்போல் எழும். அது மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். வடிந்ததும் எழுந்து போய்க் கொஞ்சம் சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டால் எனக்கும் சோறு இறங்கும்.

வயது அவளை வேறு விதமாகவும் பிடித்திருந்தது. காது கேட்காது. கண்ணில் பால் படிந்திருந்தது. நடந்துபோய் ஏதாவதொரு மூலையில் முட்டிக்கொண்டு, திரும்புகிற வழி தெரியாமல் சுவரைப் பார்த்தபடியே நிற்பாள். நினைத்த இடத்தில் ஒன்றுக்கு இருந்தாள். அதற்கு நான் மெத்தைக்குக் கீழே இருந்த தமிழ்ப் பேப்பர்களை எடுத்து விரித்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பேப்பர்களால் கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான் என்று சிவானந்தனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இதெல்லாம் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு வந்தது. கொழும்பில் பஸ்ஸுக்குள் குண்டு வெடிக்கும், அடுத்த நாள் எங்கள் ஒழுங்கைகளைச் சுற்றிவளைப்பார்கள். அந்த ஆடி மாதம் சிவானந்தனின் தம்பி நாகேந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். சண்டையால் தரைப்பாதை பூட்டியிருந்தபடியால் கப்பலில் வந்தவர். மனைவி கனடாவில். விசா வரும்வரைக்கும் எங்களோடு இருக்கவேண்டும். பொலிஸில் பதிவெல்லாம் செய்தாயிற்று.

ஆனால் அவருடைய தொடையில் ஒரு தழும்பு இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து போனபோது சாவகச்சேரியில் விழுந்த ஷெல், இடது காலைக் கிழித்துவிட்டது. இன்னும் சாய்ந்துதான் நடப்பார். தபால் கந்தோரில் முத்திரை விற்ற மனிதர். அந்தக் காலைப் பார்க்கிற ஆமிக்காரனுக்கு முத்திரை ஞாபகம் வராது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வந்த நாளிலிருந்து அவர் படி இறங்கவில்லை. பகல் முழுவதும் பவளத்தோடுதான். அவள் மூலையில் முட்டி நின்றால் போய்த் திருப்பிவிடுவார். சேலைன் ஏற்றும்போது அவர்தான் மடியில் வைத்துப் பிடிப்பார். “உனக்கும் எனக்கும் வெளிய போக்கிடம் இல்லையடி” என்று அவளிடம் கதைப்பார்.

சிவானந்தனுக்கு நித்திரை போய்விட்டது.

“இஞ்சேரும், அந்தப் போத்தலைக் கழட்டி உள்ளுக்கு வையும். வீட்டில கால் கிழிஞ்ச ஆம்பிளை ஒருத்தன். யன்னல்ல சேலைன். வாறவன் என்ன நினைப்பான்? காயப்பட்ட இயக்கப் பெடியளை வச்சு வைத்தியம் பாக்கினம் எண்டுதான் நினைப்பான்.”

“பூனைக்கு எண்டு சொல்லுவன்.”

“ஆர் நம்புவான்?”

“பூனையைக் காட்டுவன். ஒளிச்சு வச்சாத்தான் வில்லங்கம். நீங்கள் பேசாமப் போய் இருங்கோ.”

அவர் பேசாமல்தான் போனார். மனம் மட்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை வழக்கம்போல் சேலைன் ஏற்றி முடித்தோம். கோடு வந்ததும் சில்லைப் பூட்டினேன். பவளத்தைக் கூடைக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றபோது ரெலிபோன் அடித்தது. கீழ் வீட்டு லுத்பியா என்று பிறகுதான் அறிந்தேன். “ஆமிக்காரங்க ஒழுங்கைக்குள்ள வந்துட்டாங்க. எங்கட வீட்ட பாத்து முடிஞ்சி. இப்ப மேல வாராங்க, ஜெகா அக்காக்கிட்ட சொல்லுங்க” என்று எனக்குச் சொல்லும்படி சிவானந்தனிடம் சொல்லியிருக்கிறாள்.

ஈரத் தலையோடு நான் வெளியே வந்தபோது படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சிவானந்தன் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தபடி நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. நாகேந்திரம் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். நான் யன்னலைப் பார்த்தேன். கம்பியில் போத்தல் இல்லை. குழாய் இல்லை. மேசையில் இருந்த ஊசிப் பெட்டியும் இல்லை.

எங்கே என்று கேட்பதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு அதிகாரி, இரண்டு ஆமிக்காரர், ஒரு பொலிஸ் பெண். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கூடுதல் பயம். நாகேந்திரத்தின் அட்டையை வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். நடந்து காட்டச் சொன்னார். நாகேந்திரம் சாய்ந்து நடந்தார். சாரத்தை உயர்த்தச் சொன்னார். தொடையிலிருந்து இடுப்புவரை ஏறிய தழும்பைக் குனிந்து, ஆறுதலாகப் பார்த்தார். நிமிர்ந்து அட்டையை இன்னொருமுறை பார்த்தார்.

அந்த நேரம் ஒரு ஆமிக்காரன் சாமியறைக்குள் போனான். வயது இருபதுக்கு மேல் இராது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினான், தொப்பியைக் கழற்றினான். முருகன் படத்தைக் கண்டதும் கதிர்காமத் தெய்வம் என்று கும்பிட்டான். பிறகு படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற இன்னும் கிட்டப் போனான். தொட்டதும் படம் சரிந்தது. அதற்குப் பின்னாலிருந்து மூன்று சேலைன் போத்தல்களும், குழாய்ச் சுருளும், ஊசிப் பெட்டியும் தட தடவென்று விழுந்தன.

சாமிப் படத்தில் அவர்கள் கை வைக்கமாட்டார்கள் என்று சிவானந்தன் நினைத்திருக்கிறார். அவர்களும் அதே முருகனைக் கும்பிடுகிறவர்கள் என்பதைப் பயத்தில் மறந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரின் கழுத்தைத் திருகவேண்டும்போல் கோபம் வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மே காட்டத?” என்று அதிகாரி கேட்டார். இது யாருக்கு?

“பூசாட்ட, சேர்,” என்றேன். பூனைக்கு.

பொலிஸ் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாகேந்திரத்தின் காலைப் பார்த்தார்.

“பூனைக்கு என்றால் ஏன் சாமிக்குப் பின்னால் ஒளித்தீர்கள்?” சிங்களத்தில், மெதுவாகக் கேட்டார்.

பயத்தில் என்று சொல்லலாம். ஒன்றும் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று அடுத்ததாகக் கேட்பார். எண்பத்து மூன்றிலிருந்து தொடங்கிக் கதை சொல்ல அது இடமில்லை.

“பூனையைக் காட்டு.”

கூடை வெறுமையாகக் கிடந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், குசினியில் பார்த்தேன். கடைசியில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் பவளம் மூலையை முட்டிக்கொண்டு நின்றாள். வீட்டில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

“பூனை எல்லா வீட்டிலும் இருக்கும்,” என்றார் அதிகாரி. “ஏற்றிக் காட்டு. பார்ப்போம்.”

“காலையில் ஏற்றியாகிவிட்டது, சேர். இனி நாளைக்குத்தான். கூட ஏற்றினால் செத்துப்போகும்.”

“இப்படித்தான் சொல்வாய் என்று தெரியும்.”

போத்தலில் இருந்த கோடுகளைக் காட்டினேன். கோடு யாரும் போடலாம் என்றார். டொக்டரின் பெயரைச் சொன்னேன். போனில் கேளுங்கள் என்றேன். அவரும் தமிழர்தானே என்றார். கைகளைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு சுவரோடு நிற்கும்படி நாகேந்திரத்துக்குக் கட்டளை போனது. கீழே லொறி இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுப் பெடியனை அதில் ஏற்றியிருந்தார்கள். அவனுடைய தாயின் குரல் மேலே கேட்டது.

“வேண்டாம், மச்சாள்,” என்றார் நாகேந்திரம் தமிழில். பவளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் போறன். விசாரிச்சுப் போட்டு விடுவினம்.”

விசாரித்துப் போட்டு விடுவோம் என்றுதான் அடுத்த ஒழுங்கை நாகேஸ்வரியின் மகனையும் கொண்டுபோனார்கள். அந்தத் தாய் இரண்டு வருஷமாக ஒவ்வொரு கந்தோராய் ஏறி இறங்குகிறார். தழும்பு இருக்கிறது, யாழ்ப்பாண அட்டை இருக்கிறது, சாமிக்குப் பின்னால் சேலைனும் இருக்கிறது. இந்த மனிதர் அந்த லொறியில் ஏறினால் திரும்பமாட்டார். எனக்கு அது வெயில்போலத் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் கையில் இருந்த பூனைதான்.

போத்தலை யன்னல் கம்பியில் மாட்டினேன். பவளத்தைப் பிடிக்கச் சிவானந்தன் வந்தார். அவருடைய கை நடுங்கிய நடுக்கத்தில் பவளமும் ஆடினாள். என் கையும் நடுங்கியது. முதல் குத்து தோலின் மற்றப் பக்கத்தால் வெளியே வந்து மயிரெல்லாம் நனைந்தது. அதிகாரியின் புருவம் உயர்ந்தது. இரண்டாம் குத்து சரியாக ஏறியது. பவளம் காதை மடித்தாள். சில்லைத் திறந்தேன். காலையில் ஏற்றிய திமில் இன்னும் வடியவில்லை. அதன்மேல் புதிய தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

“நான் சொல்லும்வரை நிறுத்தாதே,” என்றுவிட்டு அதிகாரி நாகேந்திரத்தின் அட்டையோடு வெளியே படிக்கட்டுப் பக்கம் போனார். வோக்கி டோக்கியில் யாரிடமோ இலக்கத்தை வாசித்தார். மறுபக்கம் பதில் வரக் காத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஒரு கோட்டைத் தாண்டியது. அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பாள். அவர் வரவில்லை. வெளியே யாரோடோ மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பது கேட்டது. அடுத்த கோடும் போனது. பவளத்தின் திமில் பெருத்து ஒரு பக்கம் சரிந்து முன்னங்காலுக்குள் இறங்கியது. கால் பொத்தென்று வீங்கியது. அவள் தலையைத் திருப்பி என் கையை முகர்ந்தாள். கண் தெரியாத பூனை, கையின் மணத்தை வைத்துத்தான் என்னை அறிவாள்.

எங்களுக்குக் காவல் நின்றவன் அந்த முருகனைக் கும்பிட்டவன்தான். “எத்தி மல்லி, மெரெனவா,” என்று அவனிடம் கெஞ்சினேன். போதும் தம்பி, செத்துப்போகும். அவன் வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சேர் சொல்லவேண்டும் என்று மெல்லச் சொன்னான். அவனுக்கும் பயம்.

அந்தச் சில்லை ஒரு விரலால் உருட்டினால் போதும். யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. ஆனால் அதிகாரி திரும்பி வந்து போத்தல் பாதியில் நிற்பதைக் கண்டு, ஏன் நிறுத்தினாய், பொய்தானே என்று கேட்டால்? சுவரோடு நின்ற நாகேந்திரத்தின் தூக்கிய கைகள் தெரிந்தன. என் விரல் சில்லுக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதிகாரி வந்தபோது போத்தலில் அடி மட்டும் இருந்தது. ஏற்றச் சொன்னதையே அவர் மறந்திருந்தார் போலிருந்தது. போத்தலைப் பார்த்தார், ஊதிப்போன பூனையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. “ஹரி, ஹரி,” என்றார். சரி, சரி. “நிறுத்து.” அட்டையை நாகேந்திரத்திடம் கொடுத்தார். போகும்போது சிவானந்தனிடம், “மாத்தயா, ஒன்றும் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்,” என்று புத்தி சொன்னார்.

இருபத்தைந்து வருஷமாய் நான் சொல்லிவந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். எனக்கு வென்ற மாதிரி இல்லை.

உடனே டொக்டருக்கு ரெலிபோன் அடித்தேன். “எவ்வளவு ஏறிச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “உடன கொண்டுவாங்கோ. தண்ணியை இறக்க ஊசி இருக்கு. மூச்சு இழுக்கத் தொடங்க முந்திக் கொண்டுவாங்கோ.”

கொண்டுபோக முடியாது. பின்னேரம்வரை ஒருவரும் ஒழுங்கையைவிட்டு வெளிக்கிடக் கூடாதென்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் கூடையோடு கீழே இறங்கி, சந்தியில் துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரனிடம் சிங்களத்தில் மன்றாடினேன். அவன் துவக்கின் நுனியால் வீட்டுப் பக்கம் காட்டினான். திரும்பி வந்தேன்.

மத்தியானமாகும்போது பவளம் படுப்பதை நிறுத்திவிட்டாள். கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டி, வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் சளசளப்பது கேட்டது.

நாகேந்திரம் எழுந்துபோய்ச் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு வந்தார்.

“கூடையைத் தாங்கோ, மச்சாள். பின் மதிலால ஏறிக் குதிச்சா றெயில் ரோட்டு. அதால நடந்தா தெஹிவளைக்குக் கொஞ்சத் தூரம்தான். நான் கொண்டுபோறன்.”

“விசரோ உமக்கு? றெயில் ரோட்டு வழிய ஆமி நிக்குது.”

“நிண்டா நிக்கட்டும்.”

“சுற்றிவளைப்பு நேரம் மதில் பாயிற ஆளை ஆர் எண்டு கேட்டிட்டே சுடுவான்?”

“எனக்காகத்தானே இது இப்பிடிக் கிடக்குது!” வந்த நாளிலிருந்து அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “வழி விடுங்கோ. ஒருக்காலாவது நான் வெளியால போறன்.”

கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கதவோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். என்னைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் போகவேண்டும். சிவானந்தன் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

நாகேந்திரம் கடைசியில் கூடையடியில் உட்கார்ந்தார். பவளத்தைத் தூக்கி நிமிர்த்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார், மூச்சுக்குச் சுகமாக இருக்கும் என்று. அறையின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். அவளை வாங்கி என் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று உடம்பு துடித்தது. கூப்பிட்டுப் பயனில்லை, அவளுக்குக் காது கேட்காது. என் கையை மூக்கடியில் கொண்டுபோய் வைத்தால் நான் இருக்கிறேன் என்று அறிவாள். ஆனால் கதவைவிட்டு எழும்பினால் அவர் போய்விடுவார். கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. எழும்பவில்லை.

நல்ல சாவில்லை என்று டொக்டர் சொன்னது சரி. வெயில் சாயும்வரை இழுத்தது. பிறகு நாகேந்திரம் அவளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“இனிக் கதவைத் திறவுங்கோ, மச்சாள். நான் ஒரு இடமும் போகேல்லை.”

நான் திறப்பை எடுக்கவில்லை. இருட்டி, லொறிகள் போன சத்தம் கேட்டபிறகுதான் சிவானந்தன் மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். லுத்பியா கீழே தன் வீட்டுக் கொய்யா மரத்தடியில் இடம் தந்தாள். அங்கே தாட்டோம்.

அடுத்த நாள் காலை மூன்று பேரும் தேத்தண்ணியோடு இருந்தோம். யன்னல் கம்பியை நான் பார்க்கவில்லை. ரெலிபோன் அடித்தது. எடுத்தேன்.

“அன்ரி, மரியகொறற்றி கதைக்கிறன். டொக்டர் கேக்கச் சொன்னவர். பவளத்துக்கு எப்பிடி இருக்கு? ராவு முழுக்க அவவுக்காகச் செபம் சொன்னனான். மற்றது அன்ரி, உங்கட சேலைன் வந்திருக்கு. ஒரு பெட்டி முழுக்க. ஊசியும் இருக்கு. நான் வாற வழியில கொண்டுவந்து தரட்டா?”

சேலைன். ஊசி. ஒரு பெட்டி முழுக்க. அந்தப் பிள்ளை உரத்துத் தெளிவாகச் சொன்னாள். இந்த லைனை வேறு யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ. எதிரே நாகேந்திரம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கள் நம்பர் மாறி எடுத்திட்டியள்,” என்றேன். “இஞ்ச சேலைன் ஒருத்தருக்கும் தேவையில்லை.”

“அன்ரி? நான்தான் அன்ரி, கொறற்றி. பவளத்தின்ர...”

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை. நாங்கள் பூனை வளர்க்கிறேல்லை.”

வைத்துவிட்டேன். வைத்த கையை எடுக்குமுன் மறுபடி அடித்தது. சிவானந்தன் எழுந்து வந்தார், எடுக்க.

“எடுக்காதேங்கோ,” என்றேன்.